நான்கு நடக்கிறது, நான்கு முடிந்தது

குழந்தைகளின் பேச்சைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் போன முதல் இருபது வீடுகளில் நான் எழுதிக்கொண்டு வந்த குழந்தைகளின் வயதுகளில் ஏழு தவறு. பேச்சு வளர்ச்சி, தாயின் பதில்கள், வீட்டுச் சூழல் என்று கடினமானவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் தயார் செய்திருந்தேன். வயதுக்கு என்ன தயாரிப்பு? கேட்டால் சொல்வார்கள், எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று இருந்துவிட்டேன்.

"பையனுக்கு என்ன வயது, அக்கா?"

"நான்கு, டீச்சர்."

நான் ஆய்வுக்குப் போன வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் பக்கத்தில் மட்டும் இல்லை, என் சொந்த வீட்டிலேயே 'நான்கு' என்றால் இரண்டு பொருள். நான்கு முடிந்திருக்கலாம், மூன்று முடிந்து நான்கு நடந்துகொண்டிருக்கலாம். போன வாரம் மூன்று நிறைந்த குழந்தையும், அடுத்த மாதம் ஐந்து நிறையப்போகும் குழந்தையும் என் தாளில் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு 36 மாதம், இன்னொருவருக்கு 59. அந்தப் பருவத்தில் 23 மாதம் என்பது ஒரு யுகம். ஒன்று மூன்று சொல்லைக் கோத்துப் பேசும். மற்றது நேற்றுப் பார்த்த சண்டையை ஆள்மாற்றி நடித்துக் காட்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி, முதல் குழந்தை 'பின்தங்கியது' என்று எழுதியிருந்தேன்.

என் வழிகாட்டி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நடக்கிறதா, முடிந்ததா?" எனக்குக் கேள்வியே புரியவில்லை.

முதுகலையில் மனித வளர்ச்சி எடுத்தபோது காட்பாடியில் என் பெரியப்பா, "எச்.ஆர். தானே, நல்லது, கம்பெனியில் வேலை கிடைக்கும்" என்றார். சித்தப்பா பத்திரிகை படிப்பவர், ஐ.நா. 1990 முதல் நாடுகளின் ஆயுளையும் கல்வியையும் வருமானத்தையும் வைத்து வெளியிடும் மனித மேம்பாட்டுப் பட்டியலை நினைத்துக்கொண்டார். இரண்டும் இல்லை. கருவில் இருக்கும் நாளிலிருந்து முதுமை வரை ஒரு மனிதர் உடலாலும் அறிவாலும் உறவாலும் எப்படி மாறிக்கொண்டே வருகிறார் என்பதுதான் பாடம். நம் நாட்டில் இது பெரும்பாலும் மனையியல் துறையின் ஒரு கிளை. ஆகவே, "அப்படியானால் சமையலா?" என்ற மூன்றாவது கேள்வியும் தவறாமல் வரும். பதில் சொல்லிச் சலித்து, கடைசியில் "குழந்தைகளைப் பற்றிய படிப்பு" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதி உண்மை, ஆனால் வேலை நடந்தது.

முதுகலை முதல் ஆண்டில் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த 'அந்நியச் சூழல்' சோதனையை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று வகுப்பில் எல்லோருக்கும் ஆசை. ஒரு வயதுக் குழந்தை, தாய், முன்பின் தெரியாத ஒருவர். பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடமாக எட்டுக் காட்சிகள். தாய் வெளியே போவார், திரும்பி வருவார். குழந்தை எப்படி வரவேற்கிறது என்பதை வைத்துப் பாசப் பிணைப்பை வகைப்படுத்துவார்கள். விடுமுறையில் நானும் என் தோழியும் வேலூர் கொசப்பேட்டையில் ஓர் உறவினர் வீட்டு முன்னறையில் இதை அரங்கேற்றினோம். 'அந்நியர்' வேடம் தோழிக்கு. அவள் உள்ளே வந்த இரண்டாவது நிமிடத்தில் குழந்தை அவள் மடியில். அந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு பேராவது வந்து போவார்கள். அதற்கு அந்நியர் என்று யாரும் இல்லை. தாய் எழுந்து போனதும் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அழுகை முழுதாக வெளிவருவதற்குள் பக்கத்து வீட்டு ஆயா (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் சொல்வோம்) விடுவிடுவென்று வந்து, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் காக்கையைக் காட்டினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "குழந்தையை அழ வைத்துப் பார்ப்பதுதான் படிப்பா?"

ஐன்ஸ்வொர்த் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவரே அமெரிக்காவில் அந்தச் சோதனையை வகுப்பதற்கு முன் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தவர். ஆனால் அந்தச் சோதனைக்குக் கதவு சாத்திய ஓர் அறை வேண்டும். கொசப்பேட்டையில் பகல் நேரத்தில் யார் கதவைச் சாத்துகிறார்கள்?

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடியபோது இந்த ஆயா நினைவுக்கு வந்தார். பாசப் பிணைப்பை விட்டுவிட்டு, வீட்டுக்குள் பேச்சு எப்படிப் புழங்குகிறது, அதில் குழந்தை என்ன எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்க்க முடிவு செய்தேன். இடம் குடியாத்தம் சுற்றுவட்டாரம், பீடி சுற்றும் தாய்களின் வீடுகள். ஏன் அந்த ஊர் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். கோட்பாட்டு நியாயங்கள் சிலவற்றைச் சொன்னேன். உண்மையான காரணம், அங்கே என்னால் நாற்பது தடவை போய் வர முடியும். ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இன்றும் இதுதான்: தலைப்பை முடிவு செய்யும் முன் அந்த ஊருக்கு ஒரு முறை பஸ்ஸில் போய்த் திரும்புங்கள், அதுவும் மே மாத மதியத்தில். மூன்றாம் தடவை போக மனம் வருமா என்று பாருங்கள். ஜவ்வாது மலையில் தரவு சேகரிக்கப் போவதாக வீராப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் மாதமே தலைப்பை மாற்ற அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற 2021 மே மாத அறிவிப்புதான் என் ஆய்வுக்குக் கிடைத்த முதல் நிதி உதவி. விளையாட்டாகச் சொல்லவில்லை, உதவித்தொகை வந்துசேர மாதங்கள் ஆயின.

வட ஆற்காட்டில் ஆய்வு செய்வதில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. இந்த மண் ஆராய்ச்சிக்குப் பழகியது. வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் பெரியவர்களாகிப் பிள்ளை பெற்ற பிறகும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் எட்டு நாடுகளில் தொடங்கிய மால்-எட் என்ற குழந்தை நல ஆய்வில் இந்தியாவின் களம் வேலூர்தான். ஆகவே கோப்பும் பேனாவுமாக ஒரு பெண் தெருவில் வந்தால் யாரும் மிரள்வதில்லை. சங்கடம் என்னவென்றால், மருந்து எதிர்பார்க்கிறார்கள். "இருமல் விடவே இல்லை, என்ன மாத்திரை தருவீர்கள்?" நான் மருத்துவர் இல்லை என்று சொல்வது போதாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எந்த நாளில் யாருக்கு என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து அந்த விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டேன்.

சம்மதப் படிவத்தில் நான் பட்ட பாடு தனி. ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி பெயர்த்திருந்தேன். "தாங்கள் இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்க இசைவு அளிக்கிறீர்களா?" முதல் வீட்டு அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை. "கையெழுத்து என்றால் வேண்டாம் டீச்சர். போன தடவை ஒருத்திக்காகப் போட்டுவிட்டு அவள் கடனை நான் கட்டினேன்." மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை வசூலிக்க வருபவரும் என்னைப் போலத்தான் கோப்போடு வருவார் என்பதும், நான் தேர்ந்தெடுத்த செவ்வாய்க்கிழமைதான் அவருடைய நாளும் என்பதும் பிறகு தெரிந்தது. நாளை மாற்றினேன். படிவத்தையும் மாற்றினேன். "இது கடன் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் நிறுத்தலாம். பால்வாடியில் குழந்தைக்குக் கிடைப்பது எதுவும் குறையாது." கடைசி வரி என் வழிகாட்டி சேர்க்கச் சொன்னது. வீடுகளை அடையாளம் காட்ட அங்கன்வாடிப் பணியாளரை நான் கூடவே அழைத்துப் போயிருந்தேன். சத்துமாவு தருகிறவர் வந்து நிற்கும்போது எந்தத் தாய் மறுப்பார்? அப்படிக் கிடைத்த பதினோரு சம்மதங்களையும் தள்ளிவைத்து, தனியாகப் போய் மறுபடி கேட்டேன். நான்கு பேர் மறுத்துவிட்டார்கள். மறுத்த பிறகு அந்த வீடுகளில் எனக்கு மோர் கிடைத்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் நடுநிலையான சாட்சி ஒருவர் வேண்டும் என்கின்றன 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள். நான் மாமியாரைச் சாட்சியாகப் போட்டிருந்தேன். நெறிமுறைக் குழுவில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பிறகு சிரிப்பு வந்தது.

வீட்டுச் சூழலை அளக்க உலகமெங்கும் புழங்கும் 'ஹோம்' என்ற அளவீடு ஒன்று உண்டு, பெட்டி கால்டுவெல், ராபர்ட் பிராட்லி இருவரும் உருவாக்கியது. மூன்று முதல் ஆறு வயதுக்கான வடிவத்தில் 55 கேள்விகள். குழந்தைக்குப் பத்துப் புத்தகமாவது இருக்கிறதா, நிறமும் அளவும் கற்பிக்கும் விளையாட்டுப் பொருள் இருக்கிறதா என்பது போன்றவை. பீடி வீடுகளில் நான் வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே போனேன். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும், விரல்கள் ஓயாமல் சுருட்டி நூல் கட்டும். தாயின் கண் முறத்தைவிட்டு எழுவதில்லை. பார்த்தவுடன் எழுதத் தோன்றுவது, "குழந்தையோடு பேச்சுவார்த்தை குறைவு."

அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் காது திறக்கிறது. கை வேலையில் இருக்கிறது, வாய் சும்மா இல்லை. எதிர்த் திண்ணை அக்காவோடு பேச்சு, நடுவில் குழந்தைக்கு அதட்டல், பிறகு அதனிடமே ஒரு கேள்வி, தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு விமர்சனம். குழந்தை இதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் புகுந்துகொள்கிறது. அதன் முகத்தைப் பார்த்து யாரும் பேசவில்லை, ஆனால் அது பேச்சுக்கு நடுவில்தான் வளர்கிறது. இதைக் குறிக்க என் தாளில் கட்டமே இல்லை.

எண்ணும் திறனுக்கு ஒரு பகுதி இருந்தது. நான்கு முடிந்து சில மாதமான பையன் ஒருவன் புளியங்கொட்டைகளை எண்ணினான். இருபத்தைந்து வரை தட்டாமல் வந்தான். அடுத்த கொட்டைக்கு மறுபடி 'ஒன்று'. "25 வரை தெரியும், 26 தெரியாது" என்று எழுதினேன். அடுத்த வருகையில் பார்த்தபோதுதான் புரிந்தது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. அவனுக்கு எண் என்றால் அதுதான்: இருபத்தைந்து ஆனதும் கட்டு முடிகிறது, அடுத்த கட்டு தொடங்குகிறது. "இப்போது எத்தனை கட்டு?" என்று கேட்டேன். "இரண்டு கட்டு, மேலே மூன்று" என்றான். 53. அவன் வயதில் எனக்கு அது வந்திருக்காது.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. அந்த வயதில் அவன் ஏன் கட்டுகளை எண்ணுகிறான்? அவன் பீடி சுற்றவில்லை, ஆனால் புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில்தான் நாள் முழுவதும் இருக்கிறான். 'பண்பாட்டு வழிக் கற்றல்' என்று அழகாக எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. தாயைக் குற்றவாளியாக்கி எழுதவும் வரவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒரு மணி நேரம் எழுந்து போவது என்பது பணம். ஆய்வேட்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். தேர்வாளர்கள் என்ன சொல்வார்களோ.

இன்னொரு தவறை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. படம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லும் சோதனை. கோழிப் படத்துக்கு ஒரு சிறுமி "கோடி" என்றாள். 'ழ' வரவில்லை, உச்சரிப்புப் பிழை என்று குறித்தேன். அடுத்தடுத்த படங்களுக்கும் அப்படியே ஏதேதோ சொன்னாள். வெளியே வரும்போது அவள் ஓடிப்போய், "அவ்வா!" என்று பாட்டியின் முந்தானையைப் பிடித்தாள். தெலுங்கு வீடு. தெலுங்கில் கோழி, கோடிதான். குழந்தை சரியாகச் சொன்னது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. சித்தூர் எல்லை கூப்பிடு தூரத்தில். பேரணாம்பட்டுப் பக்கம் போனால் உருது வீடுகள். இரண்டு மொழிக் குழந்தையை ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் பாதிக் குழந்தையைத்தான் சோதிக்கிறோம். பொருளுக்கு எந்த மொழியில் பெயர் சொன்னாலும் ஒரு மதிப்பெண் என்று கணக்கிடும் முறை இத்துறையில் எப்போதோ வந்துவிட்டது. நான் தேர்வுக்கு அதைப் படித்தும் இருக்கிறேன். படித்தது களத்தில் நினைவுக்கு வர ஒரு அவ்வா வேண்டியிருந்தது. படிவத்தின் முதல் பக்கத்தில் 'தாய்மொழி' என்று இருந்த கட்டத்தை அடித்துவிட்டு, "வீட்டில் யார், யாரோடு, எந்த மொழியில்?" என்று மூன்று வரி எழுதினேன்.

ஐந்து படி அளவுகோலும் இங்கே நிற்கவில்லை. 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் போட்டுக் கொடுத்த பாதையிலிருந்து வந்தது அது. "குழந்தைக்குக் கதை சொல்வீர்களா?" என்றால் எல்லோரும் 'எப்போதும்' என்றார்கள். வீட்டுக்கு வந்த டீச்சரிடம் வேறு என்ன சொல்வார்கள்? பிறகு ஏழு புளியங்கொட்டையை வைத்து, "நேற்று ராத்திரி சொன்னீர்களா? முந்தாநாள்?" என்று நாள் நாளாகக் கேட்டேன். பல வீடுகளில் இரண்டு கொட்டை. சில வீடுகளில் தாய்க்கு ஒன்றும் இல்லை, ஆயாவுக்கு ஏழும். தாயை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் அந்த ஏழு என் கணக்கில் வந்திருக்காது.

இரண்டு பேர் தனித்தனியாகக் கவனித்துக் குறித்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் கப்பா கணக்கில் முதல் தடவை நானும் தோழியும் படுதோல்வி. காரணம் ஒரு 'ம்'. குழந்தை ஏதோ சொல்ல, தாய் தலை நிமிராமல் 'ம்' என்பார். தோழி அதைப் பதில் என்று எண்ணினாள், நான் எண்ணவில்லை. இரண்டு நாள் சண்டை. கடைசியில், 'ம்' வந்த பிறகு குழந்தை பேச்சைத் தொடர்ந்தால் அது பதில் என்று விதி எழுதினோம். என் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அந்த விதிதான். புள்ளியியலைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. மென்பொருள் ஒரு மாதத்தில் வந்துவிடும், 'ம்' வருவதற்குத்தான் ஓர் ஆண்டு ஆகிறது.

வயதுக்கு வருகிறேன். தடுப்பூசி அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருந்த வீடுகளில் பிரச்சினை இல்லை. வாடகை வீடு மாறும்போது தொலைத்தவர்களுக்கு ஊர் நாட்காட்டி ஒன்று தயாரித்தேன். வேலூர்த் தொகுதிக்கு மட்டும் தனியாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 2019 ஆகஸ்ட் 5. அதே ஆண்டு நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது. 2020 மார்ச் ஊரடங்கு. 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல், நவம்பரில் கவுண்டன்ய ஆற்று வெள்ளம். ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. "ஊரடங்கு போட்டபோது வயிற்றிலா, கையிலா?" என்று கேட்டால் போதும், மாதம் தானாக வந்துவிடும். "கையில்தான். சிரசுக்கு முந்தின வாரம் குப்புற விழுந்தான்." இதைவிடத் துல்லியமாக எந்தப் படிவம் சொல்லும்? சிரசு பற்றி ஒன்று: ஆங்கில நாட்காட்டியைப் பார்த்து அட்டவணை போட்டவள், அந்த வாரத்துக்குப் பதினெட்டு வீடுகளை ஒதுக்கியிருந்தேன். போய் இறங்கினால் ஊரே தெருவில். ஒரு வீட்டிலும் பேட்டி எடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் சாப்பிட்டேன்.

நம் முன்னோர் இந்த மாதக் கணக்கில் கெட்டிக்காரர்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவம் பிரித்திருக்கிறார்கள். தலை நிமிர்த்தி ஆடுவது, இரு கை தட்டுவது. வளர்ச்சிப் படிகளை இத்துறை பட்டியல் போடுவதற்கு வெகு காலம் முன்பே போட்ட பட்டியல். வகுப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. பள்ளித் தமிழ் ஆசிரியர் சொன்னது எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த வழிக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் நமக்கு மனையியல்தான் பாடம், எண் 12. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் மூன்று மணி நேரம். மனித வளர்ச்சி அதில் ஒரு பகுதிதான்; உணவியலும் ஆடையியலும் சேர்த்துப் படிக்க வேண்டும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எம்.ஃபில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் நிறுத்திவிட்டன; அந்த ஓராண்டு ஒத்திகை இனி இல்லை. ஆகவே முதுகலை ஆய்வேட்டை வெட்டி ஒட்டும் வேலையாக முடித்துவிடாதீர்கள். அதிலேயே பத்து வீட்டுக்காவது போய் வாருங்கள். வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதோடு, அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், களத்துக்கு அவர் ஒரு தடவையாவது வந்தாரா என்று கேளுங்கள். என்னுடையவர் இரண்டு தடவை வந்தார். முறத்துக்கு முன் சம்மணமிட்டு ஒரு பீடி சுற்றிப் பார்த்துத் தோற்றும் போனார்.

போன மாதம் தரவு சேகரிப்பு முடிந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோகிறேன். குழந்தை என்னென்ன செய்து காட்டியது என்று மட்டும் அதில் இருக்கிறது, மதிப்பெண் இல்லை. கட்டு எண்ணும் பையனின் ஆயா அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார். "எல்லாம் சரி, டீச்சர். என் பேரனுக்கு எத்தனை மார்க்?"

"மார்க் போடவில்லை, ஆயா."

"இத்தனை தடவை வந்தீர்கள். ஒரு மார்க் போடக்கூடாதா?"

அவன் நடுவில் புகுந்து, "எனக்கு ஐந்து நடக்கிறது" என்றான். நான் பையிலிருந்து தாளை எடுத்துச் சரிபார்த்தேன். 57 மாதம். சரிதான்.